அவித்த கிழங்கின் யோக்கியம்

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே. இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. சந்தேகத்தைப் பற்றிய கதை. சந்தேகம் எப்போதும் காதோடு காதாகத்தானே பேசும்.

தவசிலிங்கம் பள்ளிக்கூடத்து ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கையில் தூக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"டீச்சர், என் வீட்டுல திருட்டு நடக்குது. பிடிக்க ஒரு வழி சொல்லுங்க."

அமலோற்பவம் டீச்சர் மேசை மேல் உருளைக்கிழங்குகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"உட்காருங்க அண்ணாச்சி. செருப்பைக் கீழ வைங்க."

கீழே வைத்தார். வைத்துவிட்டு, அது எங்கேயும் போய்விடாமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டார்.

டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவர். தவசிலிங்கத்தைவிடப் பத்து வயசாவது இளையவர். ஆனால் அந்த ஊரில் வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, புருஷன் பொண்டாட்டிச் சண்டை எதுவானாலும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் கொஞ்சமாகப் பேசுவார். கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்.

தவசிலிங்கம் யாரென்றால், நூற்பாலை வாசலில் சோதனை போட்டவர். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பை, தூக்குச்சட்டி, மடி, எல்லாம் அவர் கை பட்டுத்தான் போகும். சோற்றுக்குள் புதைத்து வைத்த நூல் கண்டை, சட்டியின் அடியைத் தட்டிப் பார்த்த சத்தத்திலேயே கண்டுபிடித்தவர். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுக்குத்தான் ஓய்வு. கைக்கு ஓய்வு கொடுக்க மறந்துவிட்டார்கள்.

வீட்டில் மகன், மருமகள் செண்பகவல்லி, நடை பழகும் பேத்தி. மருமகள் தையல் கம்பெனிக்குப் போகிறவள். சீனி பாட்டிலில் சீனி குறைகிறது என்று தவசிலிங்கத்துக்கு ஒரு நாள் பட்டது. பாட்டிலின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். மறுநாள் சீனி கோட்டுக்குக் கீழே இருந்தது. எண்ணெய்க்கும் ஒரு கோடு போட்டார். அதுவும் இறங்கியது. மூன்று பேர் டீ குடிக்கிற வீட்டில் சீனி இறங்காமல் ஏறவா செய்யும் என்று மகன் கேட்டான். அவர் காதில் அது விழவில்லை. வேலைக்குக் கிளம்பின செண்பகவல்லியைத் தெருவாசலில் நிறுத்தி, நாலு பெண்கள் பார்க்க, பையைத் திறந்து பார்த்துவிட்டார்.

அவள் பையை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மகன்தான் பேசினான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வீடு பார்த்துப் போய்விடுவோம் என்றான்.

மறுநாள் காலையில் இவர் வாசலில் நின்றிருந்தார். அவள் பக்கத்தில் வந்தாள். கை தானாகப் போய்ப் பையைத் திறந்தது.

வீடு பார்த்துவிட்டார்கள். இந்த வாரம் சாமான் ஏறுகிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அவர்கள் போவதற்கு முன்னால் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும் என்றார் தவசிலிங்கம்.

"பிடிச்சுட்டா போகாம இருந்துடுவாங்களா?"

"போவாங்களோ இருப்பாங்களோ. நான் செஞ்சது தப்பில்லைன்னு ஆகுமில்ல."

டீச்சர் ஒரு கிழங்கை எடுத்தார். தோலைச் சீவினார். அடியைத் தட்டையாக வெட்டி நிற்க வைத்தார். மேலே கரண்டிக் காம்பால் குடைந்து ஒரு குழி செய்தார். குழிக்குள் கெட்டியாகக் கரைத்த சீனித் தண்ணீரைப் பாதி அளவுக்கு ஊற்றினார். தண்ணீர் நிற்கிற மட்டத்தில், குழியின் உள்பக்கம், ஒரு குண்டூசியைக் குத்தினார். ஒரு எவர்சில்வர் தட்டில் பச்சைத் தண்ணீர் விட்டு, கிழங்கை அதற்கு நடுவில் உட்கார வைத்தார்.

"நீங்க பாட்டில்ல கோடு போட்டீங்க. நான் ஊசி குத்தியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள உள்ள இருக்கிற தண்ணி இந்த ஊசிக்கு மேல வந்துடும். யாரு பாத்த வேலைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"சொன்னா?"

"உங்க வீட்டுல எடுக்கிறது யாருன்னு நான் சொல்றேன்."

தவசிலிங்கத்துக்கு உடம்பில் பழைய முறுக்கு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துக் கிழங்குக்கு முன்னால் போட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். போனார்கள். ஒருத்தி பென்சில் சீவுகிற சாக்கில் மேசைப் பக்கம் வந்தாள். அவளை முறைத்தார். அவள் போய்விட்டாள். பியூன் கோயில்பிச்சை ஈரத்துணியோடு மேசை துடைக்க வந்தான். துணியில் ஈரம் எதற்கு என்று கேட்டார். காய்ந்த துணியால் எப்படித் துடைப்பது என்று அவன் திருப்பிக் கேட்டான். இப்படித் திருப்பிக் கேட்கிறவனைத்தான் கவனிக்க வேண்டும் என்று மில்லிலேயே அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் தண்ணீர் ஊசியை முழுங்கியிருந்தது.

கோயில்பிச்சைதான் என்றார்.

"அவன் ஊத்துனதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆனால் அவன் முழி சரியில்லை.

டீச்சர் தட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கிழங்கைச் சீவினார்.

மறுநாள் தவசிலிங்கம் தயாராக வந்தார். குழியின் மேல் ஒரு சின்ன மூடியைக் கவிழ்த்தார். மூடியையும் கிழங்கையும் சேர்த்து நூலால் கட்டினார். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விட்டு, தன் கட்டை விரலை வைத்து அழுத்தினார். மில்லில் சரக்கு வண்டிக்கு அப்படித்தான் சீல் வைப்பார்கள். சீல் உடைந்தால் டிரைவர் தொலைந்தான்.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். இதற்கு சவ்வூடு பரவல் என்று பேராம். புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம்.

தவசிலிங்கம் மசியவில்லை. மில்லிலும் இப்படித்தான். நூல் மூட்டை காணாமல் போனால், கழிவு என்று ஒரு பேரை வைத்துக் கணக்கை மூடிவிடுவார்கள். பேர் வைத்துவிட்டால் திருட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

சாயங்காலம் அரக்கு அப்படியே இருந்தது. அவருடைய விரல் ரேகை அப்படியே இருந்தது. நூலை அறுத்து மூடியை எடுத்தார்.

ஊசியைக் காணோம். தண்ணீர் அதற்கு மேலே பளபளவென்று நின்றது.

அவர் கொஞ்ச நேரம் கிழங்கையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

இந்த அறைக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? கிழங்கைச் சீவுவது யார்? இவரை இங்கே உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பது யார்? செண்பகவல்லியும் ஒரு காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில்தானே படித்தாள்?

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. உங்க பையைக் கொஞ்சம் பாக்கணும்."

டீச்சர் பையை எடுத்து மேசை மேல் வைத்தார். அதன் வாயைத் திறந்துவிட்டார். அவரே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். கண்ணாடிக் கூடு, தைலம், தண்ணீர் பாட்டில், கர்த்தர் படம் போட்ட சாவிக்கொத்து, டிபன் டப்பா.

தவசிலிங்கம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். நிறைய இருந்தது. டிபன் டப்பாவின் அடியைத் தட்டினார்.

"மத்தியானம் சாப்பிடல. மிச்சம் இருக்கு. சத்தம் சரியா இருக்கா அண்ணாச்சி?"

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். டீச்சர் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுவே தவசிலிங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஆணி மட்டும் இருந்தது. பேத்தி வெற்று ஆணியைக் காட்டி ஏதோ சொன்னாள். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் வண்டி வருகிறது என்றான் மகன். அப்பாவை மாசா மாசம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். செண்பகவல்லி சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குழம்பில் காரம் குறைவாக இருந்தது. ஏன் குறைத்தாள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டார்.

யோசித்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது.

எல்லாரையும் சோதித்தாயிற்று. ஒருத்தனை மட்டும் சோதிக்கவில்லை.

கிழங்கு.

பச்சைக் கிழங்கு. உடம்பெல்லாம் ஈரம். உள்ளே இருந்துகொண்டே வெளியில் இருக்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிற ஆள் எல்லா இடத்திலும் ஒருத்தன் உண்டு. இங்கே அது கிழங்குதான்.

காலையில் நேராகப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் போனார். ஒரு கிழங்கைக் கொடுத்து அவித்துத் தரச் சொன்னார். உப்புப் போடவா என்று கேட்டார் சமையல்காரம்மா. அவர் பக்கத்திலேயே நின்று, கிழங்கு வேகிறவரை சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆய்வகத்தில் அன்று இரண்டு தட்டு. ஒன்றில் பச்சைக் கிழங்கு. இன்னொன்றில் அவித்த கிழங்கு. இரண்டிலும் குழி, இரண்டிலும் ஒரே சீனித் தண்ணீர், இரண்டிலும் ஊசி, இரண்டைச் சுற்றியும் பச்சைத் தண்ணீர். டீச்சர் இரண்டையும் ஒரு தடவை பார்த்தார். வகுப்புக்குப் போய்விட்டார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தவசிலிங்கம் மேசையை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பிடிச்சுட்டேன் டீச்சர்."

பச்சைக் கிழங்கில் தண்ணீர் ஊசிக்கு மேலே ஏறியிருந்தது. அவித்த கிழங்கில் ஏறவே இல்லை.

"பச்சைக் கிழங்குதான் கள்ளன். வெளிய இருக்கிற தண்ணிய அதுவே உள்ள விடுது. இதைப் பாருங்க. ஒரு சொட்டு உள்ள விடல."

"அப்ப இது யோக்கியமான கிழங்கு."

"சுத்தமான யோக்கியம்."

"நம்பலாம்."

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் டீச்சர்."

டீச்சர் இரண்டு தட்டையும் அவர் பக்கம் தள்ளினார்.

"வெளியில நிக்கிற தண்ணியை ருசி பாருங்க. முதல்ல உங்க கள்ளனோடது."

தவசிலிங்கம் பச்சைக் கிழங்கைச் சுற்றியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். சப்பென்று இருந்தது. வெறும் தண்ணீர். லேசாக மண் வாசம்.

"இப்ப யோக்கியனோடது."

தொட்டு வைத்தார்.

மறுபடியும் தொட்டு வைத்தார்.

இனித்தது.

அவர் அவசர அவசரமாகக் குழிக்குள் விரலை விட்டார். பச்சைக் கிழங்கின் குழியில் இனிப்பு இன்னும் நன்றாகவே இருந்தது. அவித்ததன் குழியில் காலையில் இருந்த அந்தக் கெட்டி இனிப்பு இல்லை. தட்டுக்குப் போய்விட்டிருந்தது.

"யாரு எடுத்தா?" என்றார் தவசிலிங்கம்.

"நீங்கதான காவல் இருந்தீங்க."

"நான் ஒரு நிமிஷம் நகரல டீச்சர். ஒரு ஈ உக்காரல."

"தெரியும்."

"அப்ப எப்படி? தண்ணியவே உள்ள விடாத கிழங்கு சீனிய எப்படி வெளிய விட்டுச்சு? பச்சைக் கிழங்கு எல்லாத்தையும் உள்ள விட்டுட்டு, உள்ள இருக்கிறதை மட்டும் எப்படிப் பிடிச்சு வச்சிருக்கு?"

"அது உசிரோட இருக்கு."

"இது?"

டீச்சர் அவித்த கிழங்கை விரல் நுனியால் அழுத்தினார். அது ஒரு எதிர்ப்பும் காட்டாமல் உள்ளே போனது.

"இதை நீங்கதான அண்ணாச்சி அவிச்சீங்க."

மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். தவசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். விரலில் இனிப்பு பிசுபிசுவென்று ஒட்டியது. அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

டீச்சர் கிளம்பும்போது கேட்டார்.

"எங்க வீட்டுல எடுக்கிறது யாருன்னு சொல்றேன்னீங்களே."

"நீங்க தண்ணி ஊத்துனது யாருன்னு இன்னும் சொல்லலையே."

டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

தவசிலிங்கம் வீட்டுக்கு நடந்தார்.

தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மகன் கட்டிலை மேலே ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். பேத்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுப் பெண்கள் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றார்கள்.

நிலைப்படியை அடைத்துப் பைகள் வரிசையாக இருந்தன. எல்லாப் பைக்கும் ஜிப் திறந்து கிடந்தது. பைகளுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், செண்பகவல்லி நின்றாள்.

"எல்லாம் தொறந்துதான் இருக்கு மாமா. ஒவ்வொண்ணாப் பாத்துக்கோங்க. பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது."

அவள் குரலில் கோபம் இல்லை. அது கோபம் தீர்ந்துபோன குரல். மகன் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

தவசிலிங்கம் குனிந்தார். எப்போதும் போலக் கைதான் முதலில் போனது.

முதல் பையின் மேலேயே, துணிகளுக்கு மேல், பாலித்தீன் பையில் கட்டின சீனி இருந்தது. அரைக் கிலோ இருக்கும். கடையில் வாங்கின கட்டு மாதிரியும் இருந்தது. வீட்டு பாட்டிலிலிருந்து கொட்டிக் கட்டின மாதிரியும் இருந்தது.

அவள் அதை மறைக்கவில்லை. அவர் பார்ப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கேட்டால் பதில் வந்துவிடும். வாங்கினது என்று வரலாம். எடுத்தது என்று வரலாம். எது வந்தாலும் ஆட்டோ கிளம்பிவிடும்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இடுப்பை நிமிர்த்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசல் திண்டு மேல் வைத்தார். சட்டைப் பையைப் பிதுக்கி வெளியே இழுத்துவிட்டார்.

அப்புறம், தெரு பார்க்க, மருமகளுக்கு முன்னால், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

எதிர் வீட்டில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். மகன், அப்பா என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். கையை இறக்குங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

பைகளைத் தாண்டி வெளியே வந்தாள். பிதுங்கி நின்ற சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். துண்டை எடுத்து உதறினாள். மடியைக் காட்டச் சொன்னாள். அவர் ஒரு கையை இறக்கி மடியை அவிழ்த்துக் காட்டினார். பொடிமட்டை ஒன்று இருந்தது. அதை வாங்கிப் பிரித்து, முகர்ந்து, தும்மல் வந்ததை அடக்கிக்கொண்டு, மடித்துத் திரும்பக் கொடுத்தாள். பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒன்றையும் விடவில்லை. அவர் மில் வாசலில் எத்தனை நிதானமாகப் பார்ப்பாரோ அத்தனை நிதானமாகப் பார்த்தாள்.

பார்த்து முடித்ததும் நிலைப்படிக்குத் திரும்பினாள்.

"சரி. உள்ள போங்க மாமா."

சொல்லிவிட்டு, வழியை அடைத்துக்கொண்டிருந்த பைகளில் ஒன்றை, ஆட்டோ பக்கம் தள்ளாமல், காலால் வீட்டுக்குள் தள்ளினாள்.